யாரையும் கேட்காமல் ஆண்ட அரசர்கள் புரட்சியில் போய் முடிந்தது எப்படி?

கேள்வி இதுதான்: ஐரோப்பாவில் புரட்சிகள் வெடித்ததற்கு வரம்பற்ற மன்னராட்சி எந்த வகையில் காரணம்? பள்ளிப் பாடத்தில் இதற்கு இரண்டு வரியில் விடை இருக்கும். அரசர்கள் கொடுங்கோலர்கள், ஆடம்பரப் பிரியர்கள்; மக்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பொங்கி எழுந்தார்கள்.

கொடுமைதான் அளவுகோல் என்றால் பிரான்ஸில் பதினான்காம் லூயியின் தலைதான் முதலில் உருண்டிருக்க வேண்டும். புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை 1685இல் பறித்தவர் அவர். ஆட்சியைத் தம் கையில் எடுத்த 54 ஆண்டுகளில் பாதிக்கு மேல் போரில் கழித்தவர். 1709இன் கொடும்பனியில் விளைச்சல் கருகி ஜனங்கள் பட்டினியால் மடிந்தபோதும் அவருடைய போர் நடந்துகொண்டுதான் இருந்தது. அப்படிப்பட்டவர் 1715இல், 76 வயதில், தம் கட்டிலில் படுத்தபடி இயற்கையாக இறந்தார். 1793 ஜனவரி 21 அன்று கில்லட்டினுக்குப் போனவர் பதினாறாம் லூயி. குற்றம் சாட்டப்பட்டவரிடம் வாக்குமூலம் வாங்கச் சித்திரவதை செய்யும் வழக்கத்தை 1780இல் ஒழித்தவர், புராட்டஸ்டன்டுகளின் திருமணத்தையும் பிறப்பையும் சட்டப்படி பதிய 1787இல் வழிசெய்தவர், வேட்டையும் பூட்டு வேலையும் உண்டு என்று இருந்த சாது மனிதர். ஆகவே கொடுமை என்ற விடை பாதி தூரம்கூட நம்மைக் கூட்டிச் செல்லாது.

நான் படித்துப் புரிந்துகொண்ட அளவில், விஷயம் கஜானாவில் தொடங்குகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆண்ட அரசகுலத்துக்கு ஒரு நாள் பெரிய தொகை தேவைப்பட்டது. அப்போது பார்த்தால், கேட்பதற்கு ஆளே இல்லை. கேட்கக்கூடிய சபைகளை முன்னோர்கள் இழுத்து மூடியிருந்தார்கள். இதை பிரான்ஸை வைத்தே விரிவாகச் சொல்கிறேன். மற்ற நாடுகளுக்குப் பிறகு வரலாம்.

பிரான்ஸில் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும் ஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற சபை இருந்தது. 1614இல் கூடிய பிறகு 175 ஆண்டுகள் அது கூட்டப்படவே இல்லை. அரசர்கள் அதைச் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை, கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். பதினான்காம் லூயிக்குப் பத்து வயதிருக்கும்போது பிரபுக்களும் நீதிபதிகளும் சேர்ந்து ஃபிரோந்த் என்ற கலகத்தைக் கிளப்ப, 1649 ஜனவரியில் அரச குடும்பம் இரவோடிரவாகப் பாரிஸை விட்டு ஓட வேண்டியிருந்தது. அந்தச் சிறுவன் வளர்ந்ததும் முதலமைச்சரே வேண்டாம் என்று 1661இல் நேரடியாக ஆளத் தொடங்கியதும், 1682இல் அரசவையைப் பாரிஸுக்கு வெளியே வெர்சாய்க்கு மாற்றிக்கொண்டதும் சும்மா நடந்தவை அல்ல.

பிரபுக்களோடு அவர் போட்டுக்கொண்ட எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. இதைத்தான் பாடப் புத்தகங்கள் தவறவிடுகின்றன. மாகாண நிர்வாகத்தை அரசர் அனுப்பும் இன்டென்டன்ட் என்ற அதிகாரி பார்த்துக்கொள்வார், பிரபு அரசியலில் தலையிடக் கூடாது. பதிலுக்கு, அவருக்கு இருந்த வரிவிலக்கும் நிலத்தின் மீதான பழைய உரிமைகளும் தொடரும். ஒரு காலத்தில் ஊரைக் காத்து, வழக்குத் தீர்த்து, சண்டைக்குப் போனவர் என்ற பெயராவது பிரபுவுக்கு இருந்தது. இப்போது அவருக்கு ஊரில் வேலை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அவர் வளர்க்கும் புறாக்கள் வந்து விதையைத் தின்றால் விரட்டக்கூடாது, வரி மட்டும் குடியானவன் கட்ட வேண்டும். சலுகை இருக்கிறது, அதற்கான கடமை போய்விட்டது. பிரபுக்கள் மீது குடியானவனுக்கு வந்த வெறுப்பில் பெரும்பகுதி அரசரே விளைவித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வரி வாங்கும் முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘வரம்பற்ற’ என்ற சொல்லின் லட்சணம் அங்கேதான் தெரிகிறது. உப்பு வரியான காபெலை எடுத்துக்கொள்வோம். வட பிரான்ஸின் பெரும்பகுதியில் உப்பு விலை பல மடங்கு. அதோடு எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வாங்கியாக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிரித்தானி மாகாணத்திலோ அந்த வரியே கிடையாது. மாகாணம் பிரெஞ்சு அரசோடு இணைந்தபோது பெற்ற உரிமை அது. எல்லையைத் தாண்டினால் உப்பு மலிவு என்றால் என்ன நடக்கும்? ஆண், பெண், குழந்தை என்று ஆயிரக்கணக்கானோர் உப்புக் கடத்தினார்கள். நாயின் உடம்பில் கட்டிக்கூட அனுப்பினார்கள். ஆயுதத்தோடு பிடிபட்டவர்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமை வேலை. இந்த வரியை வசூலித்ததும் அரசாங்கம் அல்ல. ஃபெர்ம் ஜெனரால் என்ற குத்தகைக் கூட்டம் ஒரு தொகையை முன்கூட்டியே அரசருக்குக் கொடுத்துவிட்டு, வசூலித்து லாபம் பார்த்தது. வேதியியலில் பெரும் பெயரான லவாய்சியே அதில் ஒரு பங்காளி. 1794இல் அவர் தலை போனதற்கு அதுதான் காரணம்.

அரசர் நினைத்தால் இந்தக் கந்தல்களைத் தைத்திருக்க முடியாதா? முடியவில்லை. பிரித்தானியின் உரிமை முன்னோர் கொடுத்த வாக்கு. குத்தகைக்காரர்களுக்கு அரசரே கடனாளி. நீதிபதிப் பதவிகளை அரசகுலமே விலைக்கு விற்றிருந்தது. 1604 முதல் ஆண்டுதோறும் ஒரு கட்டணம் கட்டினால் பதவியை மகனுக்கும் விட்டுச் செல்லலாம். விற்ற பதவியைத் திரும்பப் பிடுங்க வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் எப்போதோ போரில் கரைந்துவிட்டது. ஆக, ‘அதிகாரம் முழுவதும் என் ஒருவனிடமே இருக்கிறது’ என்ற பொருளில் 1766இல் பதினைந்தாம் லூயி பாரிஸ் நீதிபதிகளின் முகத்துக்கு நேரே முழங்கினாரே, அந்த நீதிபதிகளை அவரால் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. 1771இல் அமைச்சர் மோபு துணிந்து அனுப்பினார். 1774இல் பட்டத்துக்கு வந்த பதினாறாம் லூயி, நல்ல பெயர் எடுக்கலாம் என்று அவர்களையே திரும்ப அழைத்தார். பதினான்கு ஆண்டுகளில் அதற்கான விலையைக் கொடுத்தார்.

பிரிட்டனோடு ஒப்பிட்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் பிரெஞ்சுக்காரரைவிட பிரிட்டிஷ்காரர்தான் அதிக வரி கட்டினார். கடனும் குறைவில்லை. ஆனால் அங்கே வரியை நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அதே நாடாளுமன்றம் கடனுக்கும் பொறுப்பேற்றது. கடன் கொடுத்தவர்களில் பலர் அந்த அவையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிரான்ஸில் கடன் அரசரின் சொல்லை நம்பித்தான். அந்தச் சொல்லின் மதிப்பு எவ்வளவு என்று 1770இல் நிதியமைச்சர் தெரே கடன் கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியதில் ஒரு பகுதியை வெட்டியபோது எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். விளைவு, லண்டனுக்குக் கிடைத்த வட்டிக்கு பாரிஸுக்குக் கடன் கிடைக்கவில்லை. எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஆள்வது கௌரவமாக இருக்கலாம். வட்டிக்கடைக்காரருக்கு அது பயம் தரும் விஷயம்.

அவசரத்துக்கு பிரெஞ்சு அரசு ஆயுள் பென்ஷன் பத்திரங்களை விற்றது. ஒருவர் பெயரைக் குறிப்பிட்டுப் பணத்தைப் போட்டால், அவர் உயிரோடிருக்கும் வரை ஆண்டுதோறும் தொகை வரும். அறுபது வயதுக் கிழவர் பெயரானாலும் ஐந்து வயதுக் குழந்தை பெயரானாலும் ஏறக்குறைய ஒரே வீதம். ஜெனீவா வங்கிக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டதும் என்ன செய்தார்கள் தெரியுமா? நல்ல குடும்பத்துச் சிறுமிகளாகப் பார்த்து, பெரியம்மை வந்து பிழைத்தவர்களாகப் பார்த்து, மருத்துவரை வைத்துச் சோதித்து, முப்பது பேர் பட்டியல் தயாரித்து அவர்கள் பெயரில் பணத்தைக் கொட்டினார்கள். முப்பது சிறுமிகளின் ஆயுள் பலத்தில் பிரெஞ்சு கஜானாவிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. கணக்குக் கேட்க ஒரு சபை இருந்திருந்தால் இந்தக் கூத்து இவ்வளவு நாள் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்த நிலைமையில்தான் அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியது. செலவு 100 கோடி லிவருக்கு (லிவர் அன்றைய பிரெஞ்சுப் பணம்) மேல், பெரும்பாலும் கடன். நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் 1781இல் துணிச்சலான ஒரு காரியம் செய்தார்: அரசரின் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். போர்ச் செலவைத் தனியே ஒதுக்கிவிட்டு, ஆண்டுக்கு ஒரு கோடி லிவர் மிச்சம் என்று அதில் காட்டியிருந்தார். கணக்கு ஏமாற்றுதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், அரசரின் கணக்கைச் சாதாரணக் குடிமகன் படிக்கலாம் என்பதே அதுவரை நினைத்துப் பார்க்காதது. பல்லாயிரம் பிரதிகள் விற்றன. அரசவையினருக்குப் போகும் உதவித்தொகைகள் எவ்வளவு என்று காபிக் கடைகளில் பேசத் தொடங்கினார்கள்.

ஐந்தே ஆண்டில், 1786 ஆகஸ்டில், அப்போதைய நிதியமைச்சர் கலோன் அரசரிடம் உண்மையைச் சொன்னார்: ஆண்டுப் பற்றாக்குறை 10 கோடி லிவருக்கு மேல். நிலம் வைத்திருப்போர் எல்லாருக்கும், பிரபு, மதகுரு என்று பார்க்காமல், ஒரே நிலவரி என்பது அவர் திட்டம். நல்ல திட்டம். யாரிடம் ஒப்புதல் வாங்குவது? ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டப் பயம். அரசரின் உத்தரவுகளைப் பதிவு செய்ய வேண்டிய, பார்லமா எனப்பட்ட உயர் நீதிமன்றங்கள் மறுக்கும். அதனால் தாமே பொறுக்கியெடுத்த 144 பெரிய மனிதர்களை 1787 பிப்ரவரியில் வெர்சாய்க்கு அழைத்தார். ஆமாம் சாமி போடுவார்கள் என்று நினைத்தவர்கள், முதலில் கணக்கைக் காட்டு என்றார்கள். நெக்கர் மிச்சம் காட்டினாரே, பணம் எங்கே போயிற்று? கலோன் பதவி போயிற்று.

அடுத்து வந்த பிரியென் அதே திட்டத்தைப் பாரிஸ் பார்லமாவுக்குக் கொண்டுபோனார். புதிய நிரந்தர வரிக்கு ஒப்புதல் தரும் உரிமை ஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு மட்டுமே உண்டு என்று நீதிபதிகள் கைவிரித்தார்கள். அவர்களுக்கு ஜனநாயக ஆசை எதுவும் இல்லை. தங்கள் வரிவிலக்கைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். ஆனால் ஏறக்குறைய 175 ஆண்டுகளாக அரசரை எதிர்த்துப் பேசச் சபையே கூடாத நாட்டில், யார் எதிர்த்தாலும் கைதட்டல் கிடைத்தது. 1787 நவம்பர் 19 அன்று கடன் உத்தரவைப் பதிய வைக்க அரசரே நேரில் வந்தார். இது சட்டவிரோதம் என்று அவருடைய உறவினரான ஓர்லியான் பிரபு எழுந்து சொல்ல, தடுமாறிய லூயி, ‘நான் விரும்புகிறேன், அதனால் இது சட்டப்படிதான்’ என்றார். வரம்பற்ற மன்னராட்சியின் முழுத் தத்துவமும் அந்த ஒரு வாக்கியம்தான். இதையே அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் தாத்தாவான பதினான்காம் லூயி சொல்லியிருந்தால் சபை நடுங்கியிருக்கும்.

1788 மே மாதம் பார்லமாக்களின் அதிகாரத்தைப் பிடுங்கி உத்தரவு வந்தது. ஜூன் 7 அன்று கிரெனோபிள் நகர மக்கள் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கிப் படைவீரர்கள் மேல் எறிந்தார்கள். கஜானா வறண்டது. ஆகஸ்ட் 8 அன்று ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டுவதாக அறிவிப்பு. ஆகஸ்ட் 16 அன்று அரசு தான் தர வேண்டிய தொகைகளை ரொக்கமாகத் தருவதை நிறுத்தியது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், ஆகஸ்ட் 10 அன்று, வெர்சாய் அரண்மனையில் கோலாகலமான வரவேற்பு ஒன்று நடந்தது. ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டுத் திப்பு சுல்தான் அனுப்பிய தூதர்கள், புதுச்சேரியில் கப்பலேறி வந்தவர்கள், லூயியைச் சந்தித்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. படை அனுப்பக் காசு இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

ஆடம்பரம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1788இல் அரசின் மொத்தச் செலவு சுமார் 63 கோடி லிவர். அதில் பாதிக்கு மேல் கடனுக்கும் வட்டிக்கும் போயிற்று. ராணியின் நகை, விருந்து எல்லாம் சேர்ந்த அரசவைச் செலவு சுமார் 6 சதவீதம். ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்று மரி அன்துவானெத் சொன்னதற்கும் ஆதாரம் கிடையாது. வெர்சாயை மூடியிருந்தாலும் கடன் அடைந்திருக்காது. ஆனால் கணக்கு மறைவாக இருக்கும் நாட்டில் ஜனங்கள் கண்ணில் படும் பகட்டைத்தான் கணக்காக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

175 ஆண்டுகள் கூடாத சபையை எப்படிக் கூட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டி விவரம் அனுப்புங்கள் என்று 1788 ஜூலையில் அரசாங்கமே படித்தவர்களைக் கேட்டுக்கொண்டது! விவரத்துக்குப் பதில் துண்டுப்பிரசுரங்கள் மழையாகக் கொட்டின. ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதித் தர வேண்டும் என்பது வழக்கம். அதன்படி நாடு முழுக்க ஊர்கூடி உப்பு வரி, வேட்டை உரிமை, புறாத் தொல்லை என்று எழுதினார்கள். பெரும்பாலான மனுக்களில் அரசர் மேல் பக்திதான் தெரிகிறது. முடியாட்சி வேண்டாம் என்று கேட்டவர் அரிது. ஆனால் குறைகளை எழுதச் சொன்னால் தீர்வு வரும் என்று எதிர்பார்ப்பார்கள் அல்லவா? அதே நேரம் 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்து, கடும் குளிர்காலமும் வந்ததால், பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டியின் விலை வழக்கமான 8, 9 சூவிலிருந்து (சூ என்பது சில்லறைக் காசு) 14 சூவுக்கு மேல் ஏறியது.

1789 மே 5 அன்று சபை கூடியபோது, தலைக்கொரு வாக்கா, பிரிவுக்கொரு வாக்கா என்ற அடிப்படைக் கேள்வியைக்கூட அரசர் முடிவு செய்திருக்கவில்லை. என் கணக்கில் அவர் செய்த மிகப் பெரிய தவறு அதுதான். பொதுமக்கள் பிரிவு ஜூன் 17 அன்று தன்னையே தேசிய சபை என்று அறிவித்தது. 1788இல் மீண்டும் பதவிக்கு வந்திருந்த நெக்கரை ஜூலை 11 அன்று நீக்கியதும் பாரிஸ் கொதித்தது. கூட்டம் முதலில் எரித்தது பாஸ்டில் சிறைக்கோட்டையை அல்ல; குத்தகைக்காரர்கள் நகரைச் சுற்றிக் கட்டியிருந்த சுங்கச் சாவடிகளை. ஜூலை 14 அன்று விழுந்த பாஸ்டிலில் ஏழே கைதிகள் இருந்தார்கள்.

மற்ற நாடுகளில் இதே கதை வேறு வேறு வேகத்தில் நடந்தது. இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் 1629இலிருந்து 11 ஆண்டுகள் நாடாளுமன்றமே இல்லாமல் கப்பல் வரி போன்றவற்றால் சமாளித்தார். ஸ்காட்லாந்தோடு போர் வந்ததும் பணத்துக்காக 1640இல் அதைக் கூட்ட வேண்டியதாயிற்று; இரண்டு ஆண்டில் உள்நாட்டுப் போர், 1649இல் மரண தண்டனை. ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் காரணம் ரயில். புதிய அரசுக் கடன் வாங்கப் பிரதிநிதி சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 1820இல் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். கிழக்கு நோக்கி ரயில் பாதை போடக் கடன் தேவைப்பட்டதும் நான்காம் ஃபிரெடெரிக் வில்லியம் 1847இல் ஒன்றுபட்ட சபையைக் கூட்டினார். எனக்கும் என் நாட்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் வர விடமாட்டேன் என்று தொடக்க உரையிலேயே அரசியலமைப்பை மறுத்தார். முறையாகக் கூட்டுவதாக உறுதி தராவிட்டால் கடன் இல்லை என்றது சபை. அடுத்த மார்ச்சில் பெர்லின் தெருக்களில் தடுப்பரண்கள் எழும்பின.

ரஷ்யாவில் வழியை அடைத்தது கண்ணுக்குத் தெரியவே நடந்தது. இரண்டாம் அலெக்சாந்தர் 1881 மார்ச்சில் கொல்லப்பட்ட நாளன்று காலையில்தான் ஓர் ஆலோசனைக் குழுத் திட்டத்துக்கு இசைவு தந்திருந்தார். மகன் அதைக் கிடப்பில் போட்டார். 1895இல் இரண்டாம் நிக்கோலஸ், ஆட்சியில் பங்கு கேட்கும் ஆசைகளை ‘அர்த்தமற்ற கனவுகள்’ என்று ஒதுக்கினார். 1905 கிளர்ச்சிக்குப் பிறகு தூமா என்ற சபை வந்தது. 1907இலேயே தேர்தல் விதிகளை மாற்றி அதை அடக்கினார்கள். 1915இல் படைத் தலைமையையும் ஜார் தாமே ஏற்றுக்கொண்டார். எல்லா முடிவும் ஒருவருடையது என்றால் எல்லாத் தோல்வியும் அவருடையதே. 1917இல் தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுக் கிளம்பிய பெண்களோடு நகரப் படையும் சேர்ந்ததும் 300 ஆண்டு ரொமானோவ் ஆட்சி சில நாட்களில் முடிந்தது. அதிகாரம் எல்லாம் தலைநகரில் குவிந்திருந்ததால், தலைநகர் போனதும் அரசே போயிற்று.

‘அப்படியானால் வரம்பற்ற மன்னராட்சி இருந்த இடமெல்லாம் புரட்சி வந்ததா?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். இல்லை. நேர் எதிர் உதாரணமும் உண்டு: பெல்ஜியப் பகுதியில் 1789இல் கலகம் வெடித்தது, சீர்திருத்தம் வேண்டாம் என்பதற்காக. அதை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு யாரையும் கேட்காமல் பழைய சபைகளையும் நீதிமன்றங்களையும் மாற்றினார். பிரபுக்களும் பாதிரிகளும் பழைய உரிமைக்காகக் கிளர்ந்தார்கள். நல்லதையும் உத்தரவு போட்டே செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

டென்மார்க் இன்னும் சுவாரசியம். 1665இல் அங்கே எழுதப்பட்ட அரசச் சட்டம் மன்னருக்கு அளித்த அதிகாரத்தைப் பார்த்தால் வெர்சாய் பொறாமைப்பட வேண்டும். ஆனால் பண்ணை நிலத்தோடு குடியானவனைக் கட்டிப்போட்ட விதியை 1788இல் அந்த அரசே ஒழிக்கத் தொடங்கியது. 1830களில் ஆலோசனைச் சபைகளை அமைத்தது. சபைகளுக்கு அதிகாரம் கிடையாது, இருந்தாலும் பேசிப் பழக ஓர் இடம். 1848 மார்ச்சில், ஷ்லெஸ்விக் என்ற தெற்குக் குறுநிலம் யாருக்கு என்ற விவகாரத்தில் சூடான கூட்டம் கோபன்ஹேகனில் அரண்மனைக்குப் போனபோது, ஏழாம் ஃபிரெடெரிக் தம் அமைச்சர்களை ஏற்கெனவே பதவியிலிருந்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். 1849 ஜூன் 5 அன்று அரசியலமைப்பில் கையெழுத்திட்டார். டென்மார்க்கில் இன்றும் மன்னர் இருக்கிறார்.